சிறுத்தை திரும்பும்வரை

டிசம்பர் 24

நாளை கிளம்புகிறோம். மூட்டை கட்டியாகிவிட்டது. கடைச் சாவி மகன் கோகுலிடம். புண்ணாக்கு லோடு வெள்ளிக்கிழமை வரும், மூட்டையில் ஈரம் பார்க்காமல் இறக்காதே என்று சொன்னேன். தலையாட்டினான். ஆட்டிய வேகத்திலேயே காதில் விழவில்லை என்று தெரிந்தது.

காங்கேயத்தில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருப்பவன் பனிச்சிறுத்தையைப் படம் பிடிக்க இமயமலைக்கு ஏன் போக வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். காலண்டருக்கு என்றேன். சிரித்தார். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. சாமி படம் போட்ட காலண்டர் ஒரு வீட்டுக்கு ஏழெட்டு வரும். ஒன்றை மாட்டிவிட்டு மற்றதைப் பரணில் போடுவார்கள். நான் சில வருஷமாகக் காட்டு மிருகம் போடுகிறேன். யானை, காட்டெருமை, போன வருஷம் கரடி. என் காலண்டர் பரணுக்குப் போவதில்லை. படத்துக்குக் கீழே ‘படம்: நாச்சிமுத்து’ என்று இருக்கும்.

கூட வருவது திருமூர்த்தி. பஸ் ஸ்டாண்டு பக்கம் கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கிறான். எந்த மிருகம், எந்தக் காடு, எப்போது என்பதை நான் சொல்வேன். கேமராவைத் திருகுவதும் பொத்தானை அழுத்துவதும் அவன். கேமரா என்னுடையது, லென்ஸ் என்னுடையது, செலவு என்னுடையது. கை மட்டும்தான் அவனுடையது. அதனால் என் பெயரைப் போட்டுக்கொள்கிறேன். அவன் இதுவரை கேட்டதில்லை.

இமயமலையில் ஸ்பிதி பக்கம் இருக்கும் வழிகாட்டி நவாங், மாசி மாதக் கணக்கில் வந்தால் நல்லது, இப்போது குளிர் கடுமை என்று போனில் சொன்னான். மாசியில் திருமூர்த்திக்கு முகூர்த்தம் வரிசையாக இருக்கிறது. குளிர்காலத்தில் கல்யாணம் இல்லாத மாதம் மார்கழி ஒன்றுதான். எங்கள் ஊரிலும் மார்கழி குளிர்தான் தம்பி, பழக்கம் உண்டு என்று நவாங்கிடம் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் திருமூர்த்தி வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி பரிமளா பெட்டியில் கம்பளி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்ணா, வாசல்ல தண்ணி தெளிச்சாலே இவருக்கு நாலு தும்மல் வரும். இவரைப் போயி பனியில உக்கார வெக்கறீங்களே.”

“சிறுத்தைக்குத் தும்மல் கேட்டா நல்லதும்மா. யாருன்னு திரும்பிப் பாக்கும். படம் கிடைச்சிரும்.”

“பாத்தியா, அண்ணன் என்னைத் தும்மறதுக்குத்தான் கூட்டிட்டுப் போறாரு” என்றான் திருமூர்த்தி.

டிசம்பர் 28

வந்து சேர்ந்தோம். சிம்லாவிலிருந்து மூன்று நாள் வண்டி. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பாதாளம், நடுவில் கண்ணாடி மாதிரி உறைந்த ரோடு. டிரைவர் பீடி பிடித்தபடி பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நவாங் வீட்டிலேயே தங்கல். அவனும் அவன் அம்மாவும் மட்டும். நடு அறையில் ஒரு தகர அடுப்பு. அதைச் சுற்றித்தான் வீடு. அந்த அறையை விட்டு எழுந்தால் மூக்குமுடி விறைக்கிறது. கொண்டுவந்த தேங்காய் எண்ணெய் கல்லாகிவிட்டது. பற்பசையை அடுப்பில் காட்டித்தான் பிதுக்க வேண்டும்.

திருமூர்த்தி வேலையில் கெட்டி. கேமராவை அடுப்பு அறைக்குள் கொண்டுவரக் கூடாது என்று வெளித் திண்டிலேயே பைக்குள் வைத்துவிட்டான். சூட்டுக்கு வந்தால் உள்ளே வேர்த்து, வெளியே போனதும் அந்த வேர்வை உறைந்து லென்ஸ் பாழாகிவிடுமாம். பேட்டரிகள் குளிரில் செத்துவிடும் என்று அவற்றை மட்டும் இடுப்பில் துணி சுற்றிக் கட்டிக்கொண்டான்.

“புள்ளைத்தாச்சி மாதிரி இருக்கடா.”

“எத்தனை பேரு முகூர்த்தத்தைக் காப்பாத்தின வயிறுங்ணா இது.”

சாமானுக்கு இவ்வளவு பார்க்கிறவன் பொறுப்பான ஆள். இவனை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

டிசம்பர் 29

காலையில் நவாங் எங்களை உட்காரவைத்து விதிமுறை சொன்னான். அவனுக்குத் தமிழ் தெரியாது, திருமூர்த்திக்கு இந்தி தெரியாது. நான்தான் நடுவில். என் இந்தி சந்தையில் கற்றது. வடக்கத்தி வியாபாரிகளிடம் தவிடும் புண்ணாக்கும் பேசிப் பேசி வந்தது. விலை, எடை, லாரி, நாளை, முடியாது. இதற்கு மேல் பெரிதாகத் தேவைப்பட்டதில்லை.

எழுந்து நடமாடுங்கள், தண்ணீர் குடியுங்கள், தனியாக எங்கும் போகாதீர்கள் என்றான். எல்லாம் புரிந்தது. கடைசியில் கையைத் தூக்கிக் காட்டி, “உங்கலி சுன்ன ஹோ ஜாயே தோ துரந்த் போல்னா” என்று இரண்டு தடவை சொன்னான்.

உங்கலி, விரல். சுன், கேள். போல்னா, சொல்வது. திருமூர்த்தி என் முகத்தைப் பார்த்தான்.

“என்னங்ணா சொல்றான்?”

“விரலை ஆட்டிச் சாடை காட்டாதே, எதுன்னாலும் கேக்கற மாதிரி மெதுவா வாயில சொல்லுங்கறான். கை அசைஞ்சா சிறுத்தை ஓடிருமில்ல.”

“அது சரி. கல்யாணத்துலயும் அப்படித்தான். கையை ஆட்டுனா பொண்ணு சிரிச்சிரும்.”

டிசம்பர் 30

மேகம். ஒன்றும் இல்லை. மலை ஆடுகளைப் பார்த்தோம். ஆடு பார்க்க நான் இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

டிசம்பர் 31

காலடித் தடம் கிடைத்தது. புதியது என்றான் நவாங். அகலம் என் உள்ளங்கை அளவு. மனம் படபடத்தது. எனக்கு இப்படிப் படபடத்து நாளாகிறது.

தடித்த கையுறை போட்டுக்கொண்டு கேமராவின் சின்னச் சக்கரத்தைத் திருக முடியவில்லை என்று திருமூர்த்தி தவித்தான். ராத்திரி நவாங் அம்மாவிடம் கத்தரிக்கோல் வாங்கி, வலது கையுறையில் மூன்று விரல் நுனிகளை வெட்டிவிட்டான். நல்ல யோசனை என்றேன். நவாங் அதைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தன்னுடைய ஆட்டுத்தோல் உறை ஒன்றைக் கொண்டுவந்து அவன் மடியில் போட்டான். விரல் பிரியாத உறை, மூட்டை மாதிரி. அதைப் போட்டால் எதையும் பிடிக்க முடியாது. திருமூர்த்தி நன்றி சொல்லிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

ஜனவரி 1

கிடைத்துவிட்டது. முகம் முழுக்க, இரண்டு கண்ணும் நேராக. இதுபோல் ஒரு படம் எங்கள் பக்கத்தில் யாரும் எடுத்ததில்லை.

திருமூர்த்தியின் வலது கை விறைத்திருக்கிறது. தைலம் போட்டுச் சூடு பறக்கத் தேய்த்து, அடுப்பில் காட்டினேன். தூங்குகிறான். மற்றதை நாளை.

ஜனவரி 2

நேற்று நடந்ததை எழுதி வைக்கிறேன்.

விடிந்ததும் நவாங் தொலைநோக்கியில் பார்த்துக் கையைக் காட்டினான். எதிர்ப் பாறையின் திட்டில் சிறுத்தை. படுத்திருந்தது. முதுகு எங்கள் பக்கம். சாம்பல் நிறத்தில் ஒரு சாக்கு மூட்டை கிடப்பது போல இருந்தது. முதுகை வைத்து நான் என்ன காலண்டர் போடுவது?

காத்திருந்தோம். அது ஒரு நொடி தலையைத் திருப்பினால் போதும். அந்த நொடியில் விரல் பொத்தானில் இருக்க வேண்டும். நான் தொலைநோக்கியில் கண்ணை வைத்திருந்தேன், அவன் கேமராவில் கையை வைத்திருந்தான். வெயில் வந்தும் சூடு வரவில்லை. காற்று மட்டும் வந்தது.

பிளாஸ்க் காலியானதும் நவாங்கைத் தேநீர் கொண்டுவர வீட்டுக்கு அனுப்பினேன். அவனுக்கு மனசில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். போ, போ என்றேன். போனான்.

நடுவில் திருமூர்த்தியிடம் கை வலிக்கிறதா என்று கேட்டேன். முதலில் வலித்தது, இப்போது வலியே இல்லை என்றான். வலி இல்லையென்றால் நல்லதுதானே. பிறகு இருவருமாகப் பேசி, இருப்பது என்று முடிவு செய்தோம்.

மதியம் சிறுத்தை எழுந்து சோம்பல் முறித்துத் திரும்பியது. நேராக எங்களைப் பார்த்தது. திருமூர்த்தி அழுத்தினான். விரல் வளையவில்லை, மணிக்கட்டோடு சேர்த்து அமுக்கினான் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

நவாங் திரும்பி வந்து அந்தக் கையைப் பார்த்தான். பிளாஸ்க்கை அப்படியே பனியில் போட்டான். மூன்று விரலும் மெழுகுவர்த்தி மாதிரி வெள்ளையாக இருந்தன. தட்டினால் சத்தம் வரும் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நவாங் வண்டி ஏற்பாடு செய்ய ஊருக்குள் ஓடினான். அவன் அம்மா ஒரு பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்தார். குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு. இது எதற்கு ஆகும் என்று தள்ளிவைத்துவிட்டு நான் தைலத்தை எடுத்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார், ஏதோ சொன்னார். எங்கள் ஊரில் கை கால் விறைப்புக்குத் தேய்ப்பதும் அனல் காட்டுவதும்தான் வைத்தியம். திருமூர்த்தி கையை அடுப்புத் தகரத்துக்கு மிக அருகே பிடித்தேன். சுடுகிறதா என்றேன். இல்லீங்ணா என்றான். இன்னும் அருகே கொண்டுபோனேன்.

இன்று விரல்களில் கொப்புளம். உள்ளே ரத்தம். இப்போது வலிக்கிறது என்கிறான். ரோட்டில் பனி சரிந்திருப்பதால் வண்டி நாளைக்குத்தான்.

ஜனவரி 3

கீழே டவுனில் டாக்டர் பார்த்தார். சின்ன வயசுக்காரர். கட்டை அவிழ்த்துப் பார்த்தார். பிறகு என்னிடம், “சுன்ன கப் ஹுவா?” என்றார்.

“நான் கேட்டேன். எல்லாம் கேட்டேன்” என்றேன் இந்தியில்.

அவர் நவாங்கைப் பார்த்தார். நவாங் என் ஆள்காட்டி விரலைப் பிடித்தான். தன் நகத்தால் அதில் அழுத்திக் கீறினான். கீறிவிட்டு, கேள்வி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, தெரிகிறதா என்று சாடை காட்டினான். தெரிகிறது என்றேன். பிறகு திருமூர்த்தியின் விரலை, தொடாமல், சுட்டிக் காட்டினான். “சுன்ன” என்றான்.

சுன் வேறு, சுன்ன வேறு. சுன்ன என்றால் மரத்துப் போவது. ‘விரல் மரத்துப் போனால் உடனே சொல்’ என்றுதான் அன்றைக்கு இரண்டு தடவை சொல்லியிருக்கிறான். டாக்டர் கேட்டதும் எப்போது மரத்துப் போனது என்றுதான்.

திருமூர்த்தி கட்டிலில் இருந்தபடி, “என்னங்ணா சொல்றாங்க?” என்றான்.

“மருந்து குடுக்கறாங்க. ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்னு சொல்றாங்க” என்றேன்.

ஜனவரி 8

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி. பெரிய டாக்டர் ஒரு அம்மா. கேள்வி மேல் கேள்வி. எத்தனை நேரம் வெளியே இருந்தது, எப்போது உணர்ச்சி போனது, எப்படிச் சூடு காட்டியது. அடுப்பு என்றதும் எழுதுவதை நிறுத்தினார்.

“உணர்ச்சி இல்லாத கைங்க. நெருப்புல வெச்சாலும் சுடுதுன்னு அவருக்குத் தெரியாது. குளிர்ல போனது பாதி, அடுப்புல போனது பாதி.”

“இப்ப என்னம்மா பண்றது?”

“காத்திருக்கணும். எது பிழைக்கும், எது பிழைக்காதுன்னு கை தானா கோடு போட்டுக் காட்டும். அதுக்கு முன்னால எடுத்தா நல்ல சதையும் போயிரும்.”

எத்தனை நாள் என்று கேட்டேன். வாரக்கணக்கு, மாதமும் ஆகலாம் என்றார். சரக்கு எப்போது வரும் என்று தெரியாத வியாபாரத்தை நான் செய்ததில்லை.

பரிமளா வந்திருந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாதம் பிசைந்து ஊட்டினாள். அவன் வெட்கப்பட்டுக் கொண்டே தின்றான்.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். கடையில் கூட்டம். படத்தைப் பெரிதாகப் போட்டுக் கல்லாவுக்கு மேல் மாட்டியிருக்கிறான் கோகுல். வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். கண்ணைப் பார்த்தால் கும்பிடத் தோணுதுங்க என்றார் ஒருவர்.

திருமூர்த்திக்கு என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் சுன், சுன்ன கதையைச் சொன்னேன். ஒரு எழுத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று உச் கொட்டினார்கள். நாலைந்து பேருக்குச் சொன்ன பிறகு கதை நன்றாக வந்துவிட்டது. நவாங் கையைத் தூக்கிக் காட்டுவது, டாக்டர் கேட்பது, நான் ‘கேட்டேன்’ என்பது. சிலர் சிரித்தே விட்டார்கள். பாஷை தெரியாத ஊரில் யாருக்கும் நடக்கக்கூடியதுதான்.

பிப்ரவரி 10

மூன்று விரலும் கறுத்துவிட்டன. ஆள்காட்டி, நடு, மோதிரம். காய்ந்த வாழைப்பூ மடல் மாதிரி. வாசனை இல்லை, அது நல்லது என்கிறார் டாக்டர். ஆள்காட்டி விரலில் பாதியாவது பிழைக்குமா என்பதுதான் இப்போது கேள்வி. பாதி இருந்தால் பொத்தானை அழுத்தலாம். அந்தப் பாதிக்காகத்தான் அவன் தினமும் கட்டைப் பிரித்துக் கோட்டைப் பார்க்கிறான்.

இன்று அவன் வீட்டுக்குப் போனபோது இடது கையில் கேமராவைப் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தான். மடியில் கவிழ்த்தும், தலைகீழாகத் திருப்பியும் பார்த்தான்.

“இடது கைக்காரங்களுக்குக் கேமராவே இல்லீங்ணா, தெரியுமா? எந்தக் கம்பெனியும் பொத்தானை இடது பக்கம் வெக்கறதில்ல. இத்தனை வருஷம் தொழில்ல இருக்கேன், இப்பத்தான் கவனிக்கிறேன்.”

“ஆளை வெச்சு அழுத்தலாம். நீ பக்கத்துல நின்னு சொன்னாப் போதும்.”

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். “உங்களை மாதிரிங்களா?”

மாசி முகூர்த்தங்களை வெள்ளகோவில் ஸ்டூடியோக்காரனுக்குக் கைமாற்றிவிட்டதாகச் சொன்னான். என் கடையில் மேற்பார்வைக்கு வந்துவிடு என்றேன். யோசிக்கிறேன் என்றான். யோசிக்க மாட்டான் என்று தெரியும்.

பிப்ரவரி 22

பரிமளா காப்பி கொண்டுவந்தாள். திருமூர்த்தி ஈஸிசேரில், கை தலையணை மேல். நான் பேச்சுவாக்கில் அந்த இந்திச் சொல்லைப் பற்றி ஆரம்பித்தேன். அவள் இதுவரை என் வாயால் கேட்டதில்லை. முழுக்கச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, உச்சும் கொட்டவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அந்த நவாங் இந்தியில சொன்னான், உங்களுக்குப் புரியலீங்க. சரிங்ணா. இவரு மலை மேல உங்ககிட்டத் தமிழ்லதானே சொல்லிருப்பாரு?”

“என்னம்மா?”

“மரத்துப் போச்சு, போலாம்னு. இவருக்கு நகச்சுத்தி வந்தாலே தெருவுக்கே கேக்கும். வாயத் திறக்காம இருந்திருப்பாருன்னு நான் நம்ப மாட்டேன். சொன்னாருங்களா?”

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. திருமூர்த்தி கண்ணை மூடியபடியே சொன்னான்.

“நான் ஒண்ணும் சொல்லல பரிமளா. சிறுத்தை திரும்பற வரைக்கும் நானாத்தான் இருந்தேன்.”

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காப்பியை எடுத்துக் குடித்தேன். ஆறியிருந்தது. முழுதும் குடித்துவிட்டு, லோடு வருகிறது என்று சொல்லிக் கிளம்பினேன்.

இன்று லோடு எதுவும் இல்லை.

பிப்ரவரி 23

மரத்துப் போச்சு என்று சொன்னால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்தாலே கால் மரத்துப் போகிறது. பந்தியிலிருந்து எழுந்திருக்கும்போது எல்லோரும் சொல்வதுதான். ஒருவன் ஒரு தடவைக்கு மேல் சொன்னால்கூட அதே சொல்லைத்தானே சொல்கிறான். ‘கையை ஆட்டாம இரு, இப்பத் திரும்பிரும்’ என்று யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

மார்ச் 8

நாளை ஆபரேஷன். கோடு தெளிவாகிவிட்டது. பாதியும் இல்லை. மூன்றையும் அடியோடு எடுக்க வேண்டும் என்றார் டாக்டர் அம்மா.

சாயங்காலம் வார்டில் அவன் மட்டும் இருந்தான். பரிமளா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். எப்படிப் பேச்சை எடுப்பது என்று தெரியாமல், வருகிற காலண்டரில் படத்துக்குக் கீழே உன் பெயரைப் போடலாம் என்றிருக்கிறேன் என்றேன்.

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். எதிர்க் கட்டடத்தில் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வேண்டாமுங்ணா. உங்க பேரே இருக்கட்டும்.”

“நீ எடுத்த படம்டா.”

“இல்லீங்ணா” என்றான். “நீங்க எடுத்ததுதான்.”

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பரிமளா வந்துவிட்டாள். நேரம் முடிந்தது என்று நர்ஸும் வந்துவிட்டார்.

மார்ச் 9

முடிந்தது. நான் உள்ளே போகவில்லை. பரிமளா வாசலிலேயே, “அவரு தூங்கறாருங்க” என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை.

மார்ச் 12

சந்தைக்குப் போனேன். தோட்டத்துக்கு ஒரு ஜோடி காளை பார்க்க வேண்டியிருந்தது. வீட்டில் உட்காரவும் பிடிக்கவில்லை.

மயிலைக் காளைகள். நல்ல சுழி, நல்ல நடை. பல் பார்த்தேன். பிடித்துவிட்டது. தரகர் செல்லப்பன் துண்டை எடுத்து எங்கள் இருவர் கை மேலும் போர்த்தினார். எங்கள் சந்தையில் மாட்டு விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடிப்போம். எத்தனை விரல், எப்படி அழுத்துகிறோம் என்பதுதான் விலை. சுற்றி நிற்பவனுக்குத் தெரியாது. நான் தொழில் கற்றதே இந்தத் துண்டுக்கு அடியில்தான். கண்ணை மூடிக்கொண்டு பேரம் முடிப்பேன்.

செல்லப்பன் என் கையில் தன் விலையை வைத்தார். இனி நான் பிடிக்க வேண்டும். அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்தேன். சூடாக இருந்தது. நடு விரல். மோதிர விரல். கணு, நகம், பக்கத்தில் ஒரு காய்ப்பு. எல்லாம் உயிரோடு இருந்தன. விட முடியவில்லை. ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு நின்றேன்.

“என்னங்க நாச்சிமுத்து, விலை பேசறீங்களா, வைத்தியம் பாக்கறீங்களா?” என்றார் செல்லப்பன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

கையை எடுத்துக்கொண்டேன். இன்னொரு நாள் பார்க்கலாம் என்றேன்.

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவரைப் பார்த்துத் துண்டை நீட்டினார். அந்த ஆள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, ஐந்து விரலையும் விரித்து உள்ளே நுழைத்தார்.